ஒதுங்கித் திரும்பும் வெளிச்சம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனுஷர்கள் தூங்குவார்கள், இல்லை தூங்குகிற மாதிரியாவது கிடப்பார்கள். இவள் விடிந்தும் விடியாமலும் எழுந்து, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தாள். ஆய்வுக்கூடத்தில் இவளுக்குச் சக்கரம் என்று பெயர். காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டே பிறந்தவள் என்று யாரோ ஒருநாள் சொல்லப்போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. வீட்டில் சின்னவள். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் சரி, கூப்பிட்டு முடிப்பதற்குள் அடுத்த அறைக்குப் போயிருப்பாள்.

ஆனால் அன்றைக்கு நடந்தது வழக்கமான நடை இல்லை. மறுநாள் காலையில் அக்காவின் உலையைக் கழற்றிக்கொண்டு போக ஆட்கள் வரப்போகிறார்கள். அக்காவைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். இனிமேல் பெட்டி வந்ததா, பெட்டி போனதா என்று பார்க்கிற வேலை. இதற்கெல்லாம் காரணம் யார் என்று கேட்டால் சக்கரம்தான். அவள் ஒன்றும் கோள் சொல்லவில்லை, குழி பறிக்கவில்லை. அளந்தாள், அளந்ததைச் சொன்னாள். அவ்வளவுதான்.

அக்காவும் தங்கையும் ஒரே இடத்தில் வேலை பார்த்தார்கள். அக்காவுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு உலை. உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, உள்ளங்கை அகலக் கண்ணாடித் தட்டின் மேல் இன்னொரு பொருளை ஆவியாக்கிப் படியவைப்பாள். யாரும் படியவைக்கலாம், அது பெரிய விஷயமில்லை. அக்காவின் கெட்டிக்காரத்தனம் வேறு. படிகிற பொருளின் கலவையை அடியிலிருந்து மேல்வரைக்கும் துளித்துளியாக மாற்றிக்கொண்டே போவாள். அந்தப் படலத்துக்குள் எங்கேயும் ஒரு படி இருக்காது. சக்கர நாற்காலிக்குப் போட்ட சரிவு மாதிரி ஒரே சீராக மாறும்.

அப்படிப்பட்ட படலத்தின் மேல் வெளிச்சம் பட்டால் என்ன ஆகும்? முகம் பார்க்கிற கண்ணாடி என்றால், பட்ட இடத்திலிருந்தே திரும்பிவிடும். அக்காவின் தட்டில் அப்படி இல்லை. உள்ளே கொஞ்சம் போய், மெல்ல மெல்ல வளைந்து, பட்ட இடத்தைவிட்டுச் சற்றே ஒதுங்கித்தான் வெளியே வரும். இதை மாமாவுக்கு, அதாவது அக்காவின் வீட்டுக்காரருக்கு, ஒருதடவை சக்கரம் விளக்கியபோது அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். பேருந்து ஓட்டுகிறவர் ஆயிற்றே.

"சைக்கிள்னா நின்ன இடத்துலயே திருப்பிடலாம். பஸ்ஸை அப்படித் திருப்ப முடியுமா? வளைச்சு எடுத்து வெளிய வரும்போது நாலு கடை தள்ளித்தான் வரும். அதானே உங்க வெளிச்சமும்?"

அதேதான். அந்த நாலு கடை எவ்வளவு தூரம் என்று அளப்பது சக்கரத்தின் வேலை.

அளக்கிற விதமும் சுலபமாகச் சொல்லக்கூடியதுதான். வெளிச்சம் ஒரு திசையில் அலைகிறது. நிமிர்ந்து அலைந்தால் இவர்கள் அதை "நிக்கறது" என்பார்கள், கிடையாக அலைந்தால் "படுத்தது". இரண்டும் ஒரே அளவு ஒதுங்காது. பாதையில் இருக்கிற ஒரு வளையத்தைத் திருப்பினால் படுத்தது நிக்கறதாக மாறும். மாறும்போது எதிரே இருக்கும் கருவியில் வெளிச்சப் புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று எண் வரும். அந்த எண்ணை வைத்துத் தட்டின் ஜாதகத்தையே சொல்லிவிடலாம். அக்கா செய்த தட்டுக்குக் கணக்கு சொன்ன எண் பதினொன்று. பதினொரு மைக்ரான். ஒரு தலைமுடியை நீளவாக்கில் ஆறாகப் பிளந்தால் ஒரு பங்கு வருமே, அந்தத் தடிமன்.

சக்கரம் அளந்தால் இருபத்துமூன்று வந்தது. ஒரு தட்டில் வந்தால் போகிறது என்று விடலாம். எல்லாத் தட்டிலும் இருபத்துமூன்றே வந்தது.

கணக்கைவிட இரண்டு மடங்கு என்றால் படலம் சீராக இல்லை, உள்ளே எங்கேயோ படி விழுந்திருக்கிறது என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அக்காவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். உலையின் சூட்டை மாற்றிப் பார்த்தாள், கலவையை மாற்றிப் பார்த்தாள், தலையால் தண்ணி குடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வாரம். ஒவ்வொரு வாரக் கடைசியிலும் சக்கரம் மேல்தளத்திலிருந்து போன் பண்ணி, "இருபத்துமூணுக்கா," என்பாள்.

தோற்ற தட்டை அக்கா வைத்திருக்க மாட்டாள். நல்லது என்று நினைத்து யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். பழைய துண்டில் சுற்றி, சுத்தியலால் ஒரே போடு. சிவப்புத் தொட்டியில் கொட்டிவிட்டு அடுத்ததை ஆரம்பித்துவிடுவாள். எண்ணைச் சொல்லிவிட்டுச் சக்கரம் மாடிப்படியில் தடதடவென்று இறங்கும்போது அந்தச் சத்தம் கேட்கும். கேட்டும் கேட்காத மாதிரி வாசலுக்குப் போய்விடுவாள்.

துறைத் தலைவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். எதைச் சொல்லப்போனாலும் "சுருக்கமா சொல்லு" என்பார், அதனால் அவர் பெயரே சுருக்கம் ஆகிவிட்டது. வியாழக்கிழமை இருவரையும் கூப்பிட்டார். "தட்டை வெளியில வாங்கிக்கலாம். உலை வேண்டாம். திங்கட்கிழமை ஆளு வரும்," என்றார். சுருக்கமாகத்தான் முடித்தார், பாவி மனுஷன்.

அன்றையிலிருந்து அக்கா பேசவில்லை. கோபத்தில் கத்தினால்கூடப் பரவாயில்லை, பதிலுக்கு இரண்டு கத்திவிட்டு அழுது தீர்த்துக்கொள்ளலாம். அக்காவோ முகம் கொடுக்கவே இல்லை. இவள் கூடத்துக்கு வந்தால் அவள் உள்ளே போனாள். இவள் சாப்பிட உட்கார்ந்தால் அவளுக்குத் துணி துவைக்கிற வேலை வந்தது. வேறு யார் அளந்து சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பாள், கூடப்பிறந்தவளே என் பிழைப்பில் மண்ணைப் போட்டாளே என்று நினைக்கிறாள் என்று சக்கரத்துக்குத் தோன்றியது. தோன்றத் தோன்ற நடை அதிகமாயிற்று.

"அக்கா எங்க மாமா?"

மாமா கூடத்து மேஜையில் போர்வையை விரித்துத் தன் சீருடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே போயிட்டா. உலை ரூமைக் காலி பண்ணணுமாம். நான் வரட்டுமான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டா. நீயாவது கொஞ்சம் உட்காரேன், பார்க்கிற எனக்குக் கால் வலிக்குது."

"உட்கார முடியல மாமா."

"அது தெரியும். நீ பிறந்ததுல இருந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்ல." அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காலரைத் திருப்பினார்.

பெட்டிக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலில் நேர்நேராகக் கம்பிகள். சக்கரம் மேஜையைச் சுற்றிக்கொண்டு போகும்போது அந்தக் கம்பிகள் நெளிந்தன. இஸ்திரிப் பெட்டியின் ஓரத்தை ஒட்டித் தெரிகிற கம்பி மட்டும் இடுப்பை ஒடித்த மாதிரி ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது. அவள் நின்றாள். தலையைக் கொஞ்சம் இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள்.

இதில் அதிசயம் எதுவும் இல்லை. அடுப்பு எரிகிற எந்த வீட்டிலும் பார்க்கலாம், வெயில் காய்கிற எந்தத் தார்ச்சாலையிலும் பார்க்கலாம். சூட்டுக்குப் பக்கத்தில் காற்று இளகியிருக்கிறது, தள்ளிப் போகப் போக இறுகுகிறது. நடுவே படி இல்லை, சரிவுதான். அக்கா ஒரு வாரம் உயிரைக் கொடுத்துச் செய்கிற தட்டை இஸ்திரிப் பெட்டி சும்மா நின்றபடி காற்றிலேயே செய்துவிடுகிறது. வெளிச்சம் அதற்குள் போனால் வளையாமல் என்ன செய்யும்? இதெல்லாம் சக்கரம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதுதான்.

அவள் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு இடது கையால் அதைத் தொட்டுப் பார்த்தாள். கதகதவென்று இருந்தது.

வளையம்! அந்தப் பாழாய்ப்போன வளையம்! படுத்ததில் வைத்தால் ஒழுங்காக நிற்கும். நிக்கறதுக்குத் திருப்பினால் நிற்காது, உள்ளே ஒரு ஸ்பிரிங் தளர்ந்துபோய், மெதுவாக வழுக்கிப் பழைய இடத்துக்கே போய்விடும். ரிப்பேருக்குக் கொடுத்தால் ஒரு மாதம் ஆகும் என்றார்கள். ஒரு மாதம் சும்மா இருக்கிற ஆளா அவள்? "நான் பிடிச்சுக்கறேன், போங்க," என்று சொல்லிவிட்டாள். அன்றையிலிருந்து நிக்கறதை அளக்கும்போதெல்லாம் அளக்கிற மேஜையின் குறுக்கே கையை நீட்டி, வளையத்தைப் பிடித்துக்கொண்டு, எண் நிலைக்கும்வரை அப்படியே நிற்பாள். நீட்டிய கை வெளிச்சம் போகிற பாதையை ஒட்டியே கிடக்கும். படுத்ததை அளக்கும்போது கை அங்கே இருக்காது.

பாதையை மூட ஒரு பெட்டி உண்டு. அதை மாட்டினால் கை உள்ளே போகாது என்று அதையும் கழற்றி மூலையில் வைத்தாயிற்று.

சரி, படலம் இல்லாத வெறும் கண்ணாடியை மாட்டிச் சரிபார்க்க வேண்டாமா? வெறும் கண்ணாடியில் இரண்டுக்கும் நடுவே எண் சைபர் வரவேண்டும், வராவிட்டால் மேஜையில் கோளாறு. இந்தத் துறையில் அரிச்சுவடி அது. சக்கரம் பார்த்தாள். வளையம் கெடுவதற்கு முன்னால் பார்த்தாள், சைபர்தான் வந்தது. அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அதான் போன வருஷமே பார்த்தாச்சே!

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்றார் மாமா.

"மாமா, அக்காவோட தட்டு நல்லா இருந்திருக்குமோ?"

"நல்லா இல்லைன்னு நீதானே சொன்னே?"

அக்கா அறையைக் காலி பண்ணப் போயிருக்கிறாள். கடைசியாகச் செய்த நான்கு தட்டுகளை உடைக்க மனசு வராமல் அக்கா அலமாரியில் வைத்திருந்தாள். காலி பண்ணுவது என்றால், துண்டு, சுத்தியல், சிவப்புத் தொட்டி.

போன் பண்ணினாள். அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. உலை அறைக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது என்று வெளியே ஒரு கூடையில் வைத்துவிட்டுப் போவது அக்காவின் சட்டம். வாசல் காவலாளிக்குப் பண்ணினாள்.

"அக்கா கீழதான் இருக்காங்க. கொஞ்ச முன்னாடி ஏதோ உடையற சத்தம் கேட்டுச்சு."

"ஐயோ! அண்ணே, ஓடிப்போய் எதையும் உடைக்க வேண்டாம்னு சொல்லுங்கண்ணே!"

"கேட்டை விட்டு நகரக்கூடாதுன்னு உத்தரவும்மா. நீங்க வேணா லெட்டர் கொண்டாங்க."

போனைச் சுவரில் அடிக்காமல் விட்டதே பெரிய விஷயம். "மாமா, வண்டியை எடுங்க!" என்று கத்திக்கொண்டே பின்பக்கம் ஓடி, கொடியில் கிடந்த துணி கிளிப்புகளை ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்தாள். மாமா ஒரு கை இஸ்திரி போட்டதும் ஒரு கை போடாததுமாக இருந்த சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். கிளிப் எதற்கு என்று கேட்க வாயெடுத்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

ஊரில் எத்தனையோ பேர் வண்டி ஓட்டுகிறார்கள். அவசரத்துக்கு வாய்த்தவர் பாருங்கள், இருபது வருஷம் பேருந்து ஓட்டியவர். மனுஷன் ஆள் இல்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நின்றார். திரும்புவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் பார்த்தார், பார்த்ததையே இன்னொரு தடவை பார்த்தார்.

"மாமா, யாருமே இல்ல, போங்க!"

"யாரும் இல்லைன்னு நினைக்கிற இடத்துலதான் யாராவது வருவாங்க."

பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு இறங்கி ஓடிவிடலாம் போல் இருந்தது. உடைகிற சத்தம் ஒவ்வொன்றும் இவளுக்கு இப்போது வரிசையாகக் கேட்டது, மாடிப்படியில் கேட்டதெல்லாம். அப்போதெல்லாம் அது அக்காவின் தோல்வி என்று நினைத்தாள். கொஞ்சம் இரக்கப்பட்டாள்கூட. அந்த இரக்கத்தை நினைத்தால் இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது.

வண்டி நிற்பதற்குள் குதித்து, காவலாளியைத் தாண்டி, கீழ்த்தளத்துக்கு ஓடினாள். உலை அறைக் கதவு திறந்திருந்தது. அலமாரி காலி. அக்கா தரையில் குந்தி உட்கார்ந்து சின்னத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உடைக்காதே!"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. மூன்று நாளைக்குப் பிறகு முதல் பேச்சு பேசினாள். "முடிஞ்சுது."

"நாலுமா?"

"நாலும்."

சக்கரம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு திடீரென்று தலையைத் தூக்கினாள். "மேல ஒண்ணு இருக்கு! என் மேஜையில மாட்டினபடியே இருக்கு!"

"தெரியும். இதைக் கொட்டிட்டு அதை எடுக்கத்தான் வர்றதா இருந்தேன்." அக்கா தொட்டியைப் பார்த்தே பேசினாள். "ஏன், அதையும் ஒருதடவை அளக்கணுமா? அளந்ததுதானே."

"மேல வாக்கா. ஒரே ஒரு தடவை வா. வந்து பார்த்துட்டு என்னை நாலு அறை வேணாலும் அறை."

அக்கா வரமாட்டாள் என்றுதான் தோன்றியது. மாமா பின்னால் மூச்சிரைக்க வந்து நின்று, "போயேன்மா, வண்டியில வர்றப்ப இவ என் முதுகையே பிராண்டிட்டா," என்றார். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தாள்.

மேல்தளத்து அறையில் விளக்கை அணைத்து, அளக்கிற சிவப்பு வெளிச்சத்தைப் போட்டாள் சக்கரம். அக்காவின் தட்டைப் பிடிப்பிலிருந்து இரண்டு கையாலும் எடுத்தாள். உலகத்தில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதைப் பஞ்சு வைத்த பெட்டியில் படுக்கவைத்து, மூடியைப் போட்டு, பெட்டியை மாமா கையில் கொடுத்தாள். "நகராதீங்க மாமா. தும்மக்கூடத் தும்மாதீங்க."

தட்டு இருந்த இடத்தில் வெறும் கண்ணாடியை மாட்டினாள். படலம் கிடையாது, சரிவு கிடையாது, கடையில் வாங்கினது.

"படுத்தது," என்றாள். எண் நிலைத்தது. அதைச் சைபர் ஆக்கினாள். "இப்ப நிக்கறது. எப்பவும் எப்படிப் பிடிப்பேனோ அப்படியே பிடிக்கிறேன். நீ எண்ணைப் பாரு."

கையை நீட்டி வளையத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். எண் முதலில் அசையவில்லை. பிறகு ஒன்று, இரண்டு என்று ஊர்ந்தது. ஐந்தைத் தாண்டியது. அக்கா திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். பத்து, பதினொன்று. பன்னிரண்டில் போய் உட்கார்ந்துகொண்டது, இனிமேல் எழுந்திருக்க மாட்டேன் என்கிற மாதிரி.

"இது வெறும் கண்ணாடிடி," என்றாள் அக்கா.

"ஆமா."

"வெறும் கண்ணாடியில எப்படிடி வெளிச்சம் ஒதுங்கும்?"

"கண்ணாடியில ஒதுங்கல. என் கையில ஒதுங்குது. கை சூட்டுல காத்து சரிஞ்சு நிக்குது. ஒவ்வொரு தடவையும் இதே கை, இதே இடம், அதனால ஒவ்வொரு தடவையும் இதே பன்னிரண்டு. மாறாம வர்றதால சரின்னு நினைச்சேன்."

இருபத்துமூன்றில் பன்னிரண்டைக் கழித்தால் என்ன என்று அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாமாவின் உதடு மட்டும் அசைந்தது.

"கழிச்சுச் சொன்னா சுருக்கம் ஒத்துக்க மாட்டாரு," என்றாள் சக்கரம். "தட்டை மாட்டி, கை இல்லாம, பெட்டியை மூடி அளக்கணும். அதுல பதினொண்ணு வரணும்."

தட்டைத் திரும்ப மாட்டினார்கள். மாட்டியவள் அக்கா, சக்கரம் தன் கையை நம்பவில்லை. வளையத்தை நிக்கறதில் வைத்து, வழுக்காமல் இருக்கத் துணி கிளிப்புகளை இரண்டு பக்கமும் கவ்வவிட்டாள். மூலையில் கிடந்த பெட்டியைத் தூசி தட்டிக் கொண்டுவந்து மூடினாள். மூவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம். அது வழியாகப் பார்த்தால் திரையில் எண் தெரியும்.

"எவ்வளவு நேரம்?" என்றார் மாமா.

"காத்து அடங்கற வரைக்கும்."

காற்று அடங்குவதைவிட இவள் அடங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. தாழ்வாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். எட்டிப் பார்த்தாள். எண் இன்னும் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தாள், உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் எழுந்தாள். பன்னிரண்டு கழிந்து பதினொன்று வராமல் வேறு ஏதாவது வந்தால்? பதினாலு வந்தால்? பதினெட்டு வந்தால்? அப்போது இரண்டு பேர் வேலையிலும் தப்பு, அக்காவுக்குக் கொடுத்த ஆசையும் பொய். அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

"நீ நடக்காதே," என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலேயே. "தரை அதிருது."

சக்கரம் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அமுக்கிக்கொண்டாள். கால் விரல்கள் மட்டும் செருப்புக்குள் தந்தியடித்தன. படுத்ததை ஒருமுறை, நிக்கறதை ஒருமுறை என்று அக்காவே உள்ளே போய் வளையத்தை மாற்றி, மூடி, வெளியே வந்து, திரும்பக் காத்திருந்து பார்த்தாள். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் இவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கடைசியில் மாமாதான் சதுரத்தில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார். "ஆடறது நின்னுடுச்சு. ஒண்ணு பக்கத்துல ஒண்ணு."

"என்ன?"

"பதினொண்ணும்மா, பதினொண்ணு! இது பாஸா?"

சக்கரம் பாய்ந்து வந்து பார்த்தாள். பதினொன்று. அசையாமல் நின்றது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் ஓடின. போனை எடுத்துத் துறைத் தலைவரைக் கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை. சுருக்கமா சொல்லு," என்றார் அவர்.

"தப்பு தட்டுல இல்ல சார். என் கையில."

வாழ்நாளில் முதல் தடவையாக அவர், "விவரமா சொல்லு," என்றார். அவள் விவரமாகச் சொன்னாள். வளையம், ஸ்பிரிங், கழற்றி வைத்த பெட்டி, வெறும் கண்ணாடி, ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் திட்டினார். திட்டும் சுருக்கமாக இல்லை, முழுசாக வாங்கிக்கொண்டாள். கடைசியில், "ஆளுங்களை வர வேண்டாம்னு சொல்றேன். உலை இருக்கட்டும். காலையில என் கண் முன்னாடி இதையே செஞ்சு காட்டுங்க. அந்தத் தட்டை யாரும் தொடாதீங்க," என்றார்.

"அக்கா! உலை போகலக்கா!" என்று திரும்பினாள். தாழ்வாரத்தில் மாமா மட்டும்தான் நின்றுகொண்டிருந்தார். கையால் கீழே காட்டினார்.

உலை அறையில் அக்கா சிவப்புத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தொட்டி நிறையச் சில்லு. மேலே இன்றைக்கு உடைத்தது, அடியில் போன மாதத்தது, அதற்கும் அடியில் அதற்கு முன்னாலே உடைத்தது. அக்கா ஒரு துண்டை விரலால் ஜாக்கிரதையாக எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஓரத்தில் பச்சையும் ஊதாவும் மெல்ல ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடின. எங்கேயும் ஒரு கோடு இல்லை.

"இதுல எதெல்லாம் நல்லது?" என்று கேட்டாள்.

சக்கரம் தொட்டியைப் பார்த்தாள். "எல்லாமே."

அக்கா தலையாட்டினாள். துண்டைத் திரும்ப வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"கோவத்துல பேசாம இருந்தியேக்கா, இப்பவாவது திட்டிடு. எனக்குத் தாங்கல."

"கோவமா?" அக்கா நிஜமாகவே புரியாமல் பார்த்தாள். "உன் மேல எனக்கு என்னடி கோவம்? வாரா வாரம் நீ கை கடுக்க அளக்கிறே, நான் வாரா வாரம் குப்பையைக் கொடுக்கறேன்னு எனக்கு உன் முகத்தைப் பார்க்கவே கூச்சமா இருந்துச்சு."

"ஒவ்வொண்ணையும் துண்டுல சுத்தறப்ப மனசு சொல்லும், இது நல்லாத்தானே வந்திருக்கு, கலர் ஓடறதைப் பாருன்னு." அக்கா சில்லைத் தேய்த்துக்கொண்டே பேசினாள். "உலையைச் சந்தேகப்பட்டேன். கலவையைச் சந்தேகப்பட்டேன். என் கண்ணையே சந்தேகப்பட்டேன். உன் கை தப்பா இருக்கும்னு மட்டும் ஒரு தடவைகூடத் தோணவே இல்லடி."

அடிப்பாள், கத்துவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக வந்தவள், இதற்குத் தயாராக வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, அந்தக் கையை மடியில் போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதாள். அக்கா தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள், தட்டைப் பார்க்கிற மாதிரியே வெளிச்சத்தில் சாய்த்து.

"அந்த வளையத்தை எப்ப ரிப்பேருக்குக் கொடுக்கப் போறே?"

"இப்பவே."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. நாளைக்குக் கொடு. ஒரு மாசம் ஆனா ஆகட்டும்."

"சரிக்கா."

மாமா வாசலில் வந்து எட்டிப் பார்த்து, டியூட்டிக்கு நேரமாகிறது, யாராவது வருகிறீர்களா என்று கேட்டார். அக்கா இல்லை என்று தலையாட்டினாள். சக்கரமும் இல்லை என்றாள். மாமா ஒருகணம் நின்று, தரையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கொழுந்தியாளை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, படியேறிப் போனார். அக்கா தொட்டியிலிருந்து அடுத்த துண்டை எடுத்தாள். எடுத்துப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை தங்கையிடம் நீட்டினாள்.